பழைய வண்டிகளுக்கும் ஒரு பெட்ரோல் குழாய் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எத்தனால் (கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் சாராயம்) கலந்த பெட்ரோலைப் பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. போன வாரம் ஒரு வாசகர், பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் வசதி படைத்தவர்கள், கண்காட்சியில் நிறுத்துவதற்காகவே வைத்திருக்கிறார்கள், அவர்களுக்காக நாட்டின் எரிபொருள் கொள்கையை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே வைத்து, சொந்தக் கையால் பழுதுபார்த்து ஓட்டுகிறவள் நான். அந்தப் பக்கத்தையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பதுதான் சோறு போடும் தொழில். பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. 1968 மாடல், மார்க் 3. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த ஒருவர் வேலைக்கு விட்ட வண்டி அது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது கூலி பாக்கிக்கு ஈடாக அப்பா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, ஆடம்பரத்துக்காக வாங்கியது இல்லை. பல வருஷம் ஓடாமல் கிடந்ததை அப்பாவும் நானும் சேர்ந்து ஓடவைத்தோம். இப்போது நானும் என் மகனும் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கவென்ட்ரி அருகே கேன்லி என்ற இடத்தில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை. எங்கள் வண்டியில் 1296 சிசி இன்ஜின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர். மொத்த எடை ஏறக்குறைய 700 கிலோதான். இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறையவே இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செய்த ஹெரால்டு காரை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஹெரால்டையும் இந்த ஸ்பிட்ஃபயரையும் வடிவமைத்தவர் ஒருவரே, இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. வெளித்தோற்றம்தான் வேறே தவிர, முன்சக்கர அமைப்பு, ஸ்டீயரிங் எல்லாம் ஹெரால்டிலிருந்து வந்தவை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் ஏதோ ஒரு கடையில் பரணிலிருந்து ஒரு சாமான் இறங்குகிறது. மின்சாமான்கள் லூகாஸ், பிரேக் கர்லிங். இந்த இரண்டு கம்பெனிகளும் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்திலேயே சென்னையை அடுத்த பாடியில் தொழிற்சாலை போட்டுவிட்டன. பெயருக்குத்தான் வெளிநாட்டு வண்டி. இதன் சாமான்களோடு பழகிய கைகள் நம் ஊரில் நிறைய உண்டு.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது என்பேன். பானெட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை. மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றலாம், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சி.பி. பாயிண்ட் வைக்கலாம், வால்வு கிளியரன்ஸ் பார்க்கலாம். இடைவெளி பாயிண்டுக்கு 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வால்வுக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 10 தௌ. இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜும் இரண்டு ஸ்பேனரும் போதும். என் மகனுக்கு இன்ஜின் என்றால் என்ன என்று நான் பாடமாகச் சொல்லித்தரவில்லை. அந்த டயர் மேல் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டான்.

ஆனால் வசதியாக இருக்கிறது என்பதற்காக அசட்டையாக இருந்தால் ஆளையே கொல்லும் இடங்களும் இதில் உண்டு. முன்சக்கரத்தில் டிரன்னியன் என்று ஒரு பாகம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை மேலேயே சக்கரம் திரும்புகிறது. இதற்குள் போட வேண்டியது கியர் ஆயில், இ.பி. 90. தயாரித்தவர்கள் சொன்னது அதுதான். நம் ஊரில் நிப்பிளைப் பார்த்தால் கை தானாகக் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறது. கிரீஸ் மரையின் அடிவரைக்கும் போவதில்லை. போன இடத்தில் காய்ந்து கட்டியாகி, அதன் பின்னால் தண்ணீர் தங்கி, இரும்பு உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மெதுவாக வண்டியை நிறுத்த ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். அதுவே பாலக்காடு ரோட்டில் வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் வண்டியை முதலில் பிரித்தபோது இடதுபக்கம் முழுக்கக் கறுத்துப்போன கிரீஸ். தண்டைச் சுத்தம் செய்து அப்பா என் கையில் கொடுத்தார். "அம்மிணி, மரையைக் கண்ணுல பாக்காத, வெரல்ல தடவிப் பாரு" என்றார். தடவிப் பார்த்தால் மூன்றாவது மரையில் நகம் இடறியது. மயிரிழை விரிசல். அந்தத் தண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, புதுப்பேட்டையில் ஹெரால்டு தண்டு ஒன்று தேடி வாங்கினோம். கூட்டைக் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் நாங்களே கடைந்தோம். வலதுபக்கத்துக்கு வலது மரை, இடதுபக்கத்துக்கு இடது மரை. மாற்றி வெட்டினால் இரண்டும் குப்பை. பூட்டும்போது கடைசிவரை திருகிவிட்டுக் கொஞ்சம் அவிழ்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் முழுசாக ஒடியாது. இப்போது எங்கள் கொட்டகையில் கிரீஸ் கன்னுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஆயில் கன் தொங்குகிறது. அதில் சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்திருக்கிறேன். வேறு யாரும் தொடக்கூடாது.

கிளட்சும் அப்படித்தான். பெடலை அமுக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முழுவதும் முன்னால் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது பின் மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு பிறை வாஷர்கள் மட்டுமே. அவை தேய்ந்து சம்ப்புக்குள், அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள், விழுந்துவிட்டால் கிராங்க் நேராக இன்ஜின் பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும். மகன் கிளட்சை அமுக்குவான், நான் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்ப்பேன். புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்தால் சம்ப்பை இறக்கி வாஷரை மாற்ற வேண்டியதுதான். இன்ஜினை இறக்க வேண்டாம். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிடுகிறோம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். குன்னூர் மலையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்தப் பழுதாக இருந்தாலும் கண்ணுக்கோ விரலுக்கோ மூக்குக்கோ எட்டிவிடும், எட்டினால் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் இந்த வண்டி ஓடுகிறது. பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

2022-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் பத்து சதவீதத்தை எட்டியது. 2025-இல் இருபது சதவீதம் வந்துவிட்டது. முதலில் 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கு இது. கரும்பும் மக்காச்சோளமும் போடும் விவசாயிக்கு இதனால் பணம் வருகிறது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது. அதை நான் மறுக்கவே இல்லை, வரவேற்கிறேன். எத்தனாலை நிறுத்துங்கள் என்று கேட்கவும் இல்லை.

ஆனால் எத்தனால் என்ன செய்கிறது என்பதைக் கொட்டகையில் நின்று பார்க்கிறேன். அது ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் உடனுக்குடன் தீர்ந்துவிடுவதால் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலுமாகத் தனியே பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எங்கள் வண்டியில் டேங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, இரும்புத் தகடு. பில்ட்டரில் காப்பித்தூள் மாதிரி துரு வர ஆரம்பித்ததே இதனால்தான். அடுத்தது ரப்பர். அந்தக் காலத்து பெட்ரோல் டியூப் எத்தனாலில் முதலில் ஊறி உப்பும், அப்புறம் வறண்டு வெடிக்கும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பில் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுக்கும் இதே கதிதான். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே கூடச் சொட்டாது. நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையான பயம். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, மேனிஃபோல்டு கீழே. மேலே ஒரு டியூப் வெடித்துச் சொட்டினால் சொட்டு விழுவது கொதிக்கும் இரும்பின் மேல். போன கோடையில் மகன் பானெட்டைத் திறந்தவுடன் பெட்ரோல் வாடை. இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன டியூபை வளைத்துப் பார்த்தால், வளைத்த இடத்தில் முழுக்க வெடிப்பு. வெளியே பார்க்கப் புதுசு போல் இருந்தது. அன்றைக்கே வண்டியில் இருந்த எல்லா டியூபையும் மாற்றிவிட்டோம்.

எரிவதிலும் வித்தியாசம் உண்டு. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய செட்டிங்கில் விட்டால் கலவை மெலிந்துவிடும். பிளக் வெளுத்துப்போகும், இன்ஜின் சூடாகும், கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும். எஸ்.யு. கார்புரேட்டரில் இதற்கு வழி இருக்கிறது. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்கு அடியில் இருக்கும் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். பிறகு பக்கத்தில் இருக்கும் சின்ன முளையை அழுத்தி உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு துளி தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணைந்துபோகப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரி. காதாலேயே வைத்துவிடலாம். ஆனால் போன முறை போட்ட பெட்ரோலில் எத்தனை சதவீதம், இந்த முறை எத்தனை என்று தெரியாமல் எதை நம்பி வைப்பது?

பங்கில் கேட்டால் பெட்ரோல் போடும் தம்பிக்கும் தெரியவில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியவில்லை. குழாயிலும் எழுதியிருக்கவில்லை. அதனால் நானே அளவுக்குழாயில் ஐம்பது மில்லி பெட்ரோலும் ஐம்பது மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பார்க்கிறேன். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடியில் இருக்கும் தண்ணீர் ஐம்பதிலிருந்து அறுபதுக்கு ஏறினால் அந்தப் பத்து மில்லிதான் எத்தனால், அதாவது இருபது சதவீதம். (வெட்டவெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.) காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று வாங்கியவளே சோதித்துப் பார்க்க வேண்டியிருப்பது நியாயமா? பிஸ்கட் பாக்கெட்டில்கூடச் சேர்மானம் அச்சிட்டிருக்கிறது.

ரப்பர் சாமான்களை மாற்றினால் போதும், செலவு அதிகம் இல்லை, அதுவும் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். நிற்கிற வண்டியைக் கெடுப்பது கிலோமீட்டர் அல்ல, நாள். வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இருபதாயிரம் வருவதற்குள் டேங்க் ஓட்டையாகிவிடும்.

2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோதும் பழைய இன்ஜின்களுக்குச் சிக்கல் வந்தது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயும். நாங்கள் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் ரிங்குகளைக் கடைந்து, ரிங்கைக் குளிரவைத்து ஹெட்டைச் சூடாக்கி இறக்கினோம். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சேராமல் இருக்க அந்த மாற்றம் அவசியம், அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஈயம் போனதால் பாதிக்கப்பட்டது வால்வு சீட் என்ற ஒரே இடம். எத்தனால் டேங்க் முதல் ஜெட் வரை தொடும் இடமெல்லாம் வேலை செய்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இந்தக் கார் பிறந்த பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலைப் பத்து சதவீத எத்தனாலுக்கு மாற்றினார்கள். அப்போதே, விலை கூடிய உயர் ரகத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத பெட்ரோலைப் பழைய வண்டிகளுக்காக விட்டுவைத்தார்கள். நம் நாட்டிலும் இது புது யோசனை இல்லை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, இருபது சதவீதம் வந்த பிறகும் பழைய வண்டிகளுக்குப் பத்து சதவீதப் பெட்ரோல் கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. சொன்னது நடக்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று தொடுத்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் அரசே நினைத்தால் இதைச் செய்யலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசே 2021-இல் விதி கொண்டுவந்தது. அவற்றுக்குத் தனி வரிசையில் எண் உண்டு, பதிவுக் கட்டணமும் உண்டு. காப்பாற்றப்பட வேண்டிய வண்டி என்று அரசு ஒப்புக்கொண்ட பிறகு, அதற்கு ஒத்துவரும் பெட்ரோலுக்கும் அரசுதானே ஏற்பாடு செய்ய வேண்டும்?

அந்த வாசகருக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். இது ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் நாலு பேரின் பிரச்சினை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன் விற்ற ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் சரவணம்பட்டியிலிருந்து எக்ஸ்.எல். வண்டியில் வருகிறார். அதில் இருப்பதும் ரப்பர் டியூப்தான். என் கையில் லேத் இருக்கிறது, ஆயில் கன் இருக்கிறது, கூட ஒரு மகன் இருக்கிறான், எப்படியோ சமாளித்துவிடுவேன். காலையில் கிக்கரை உதைத்து உதைத்து வேலைக்குத் தாமதமாக வரும் அவருக்கு, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று யார் சொல்வார்கள்? ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி அதே கதை.

ஆகவே நான் கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு பெட்ரோல் குழாயிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஊருக்கு ஒரு பங்கிலாவது, பத்து சதவீதத்துக்கு மேல் போகாத பெட்ரோலுக்கு ஒரு குழாய் வையுங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக வைத்தாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். நம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பெட்ரோலிய அமைச்சகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது மேலே எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டிருக்கும், எத்தனாலைத் தாங்கும் டியூபாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும், கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார் என்றால் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
க. ம.,
கணபதி, கோவை - 6.